கோட்டையிலிருந்து சேப்பாக்கம்: கேமராவோடு ஒரு நடை

கிண்டி என்றதும் நம் எல்லோர் மனதிலும் வந்து நிற்பது அந்தச் சிவப்புக் கட்டடம்தான். ஆனால் நம் கல்லூரி கிண்டிக்கு வந்தது 1920-இல். அப்போதே அதற்கு 126 வயசு! 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்ற சர்வேயர், எட்டே மாணவர்களோடு, புனித ஜார்ஜ் கோட்டையின் அருகே ஆரம்பித்த சர்வே பள்ளிதான் வேர். பிறகு 1862 முதல் 1920 வரை, 58 வருஷம், கல்லூரி நடந்த இடம் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால். கிண்டியிலேயே நாலு வருஷம் படித்தும் இது தெரியாதவர்கள் நம் பேட்ச்சில் நிறைய. அதனால்தான் போன வருஷம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, கல்லூரி நடந்த பாதையில் நாமும் நடந்து பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவும் கையுமாகக் கிளம்பினோம்.

முதலில் கோட்டை. உள்ளே தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால், கேமராவை நினைத்த இடத்தில் தூக்க முடியாது. கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். நாங்கள் நேராகப் போனது புனித மேரி தேவாலயத்துக்கு. 1680-இல் திறக்கப்பட்டது. வெளியே பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். சிவில் படித்தவர்கள் உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையில் உத்தரமே கிடையாது! முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வளைவுக் கூரை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கட்டியது. சுவர் நாலடி கனம். கட்டினவர் ஆர்க்கிடெக்ட் இல்லை, கோட்டையின் பீரங்கிப் படை ஆசாமி என்று சொல்வார்கள். குண்டு எப்படி விழும் என்று தெரிந்தவர்தானே அதைத் தாங்கும் கூரையும் போட முடியும்?

இந்தக் கூரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

கோட்டையை விட்டுத் தெற்கே நடந்தால் நேப்பியர் பாலம். கூவத்தைத் தாண்டியதும் காமராஜர் சாலை. இடது பக்கம் மெரினா, வலது பக்கம் வரிசையாகக் கட்டடங்கள். அவை கிழக்கே கடலைப் பார்த்து நிற்பதால், படம் எடுக்கக் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் நல்ல நேரம். சூரியன் கொஞ்சம் சாய்வாக விழுகிற வேளையில்தான் பூச்சு வேலையும் வளைவின் ஆழமும் தெரியும். மத்தியானம் போனால் எல்லாம் தட்டையாக இருக்கும். அதோடு நாக்கும் வறண்டுவிடும்.

ராபர்ட் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ் (1879) எல்லோரும் எடுக்கிற படம், அதனால் நாங்கள் அங்கே அதிகம் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி மாநிலக் கல்லூரி, 1870. அதுவும் அவர் கைவண்ணம்தான், ஆனால் சாயல் இத்தாலி. பத்து வருஷத்துக்குள் ஒரே ஆளின் ரசனை எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்! நடுவில் சேப்பாக்கம் அரண்மனை இருந்ததுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். தினமும் அதைப் பார்த்து வேலை செய்த மனுஷன், கடைசியில் அதன் பாஷையிலேயே கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அரண்மனை 1768-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கட்டியது. ஹுமாயூன் மஹால், கலச மஹால் என்று இரண்டு பகுதி. இரண்டுக்கும் நடுவில் தெரியும் கோபுரம் மட்டும் சிஷோம் பிற்பாடு சேர்த்தது. 1855-இல் கடைசி நவாப் காலமானதும் கட்டடம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. கொஞ்ச நாளில் நம் முன்னோர்கள் டிராயிங் போர்டோடு உள்ளே வந்தார்கள்.

2012 ஜனவரி, நாங்கள் கடைசி செமஸ்டர். பொங்கல் விடுமுறையில் கலச மஹால் எரிந்தது என்று செய்தி. அப்போது அங்கே அரசு அலுவலகங்கள், அடுக்கடுக்காகக் காகிதக் கோப்புகள். தீயணைக்கப் போனவர்களில் ஒருவர் உயிரிழந்தார். எங்களில் யாருக்கும் அது நம் பழைய காலேஜ் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

ஏன் அப்படி எரிந்தது? அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசையாகப் போடுவார்கள். அதன் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு. வெயிலுக்கு அருமையான கூரை. ஆனால் மொத்தக் கனமும் மரத்தின் தலையில்! தேக்கு உடனே விழாது, மேல்பக்கம் கரியாகிக் கொஞ்ச நேரம் நிற்கும். நிற்கிறதே என்று உள்ளே போனால் ஆபத்து. கட்டை இளைத்ததும் எல்லாம் ஒன்றாக இறங்கும். மரமில்லாத கோட்டைக் கூரை 1680-லிருந்து நிற்கிறது.

நல்லவேளையாக, இடித்துத் தள்ளாமல் பொதுப்பணித் துறை கலச மஹாலைச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் சேர்த்த பழைய முறைக் கலவையிலேயே மீட்டெடுத்தது. பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே குடிவந்தது. ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததோடு சரி. ராஜாஜி சாலையில் தலைமைத் தபால் நிலையம் 2000-இலும் ஸ்டேட் பேங்க் 2014-இலும் தீயில் மாட்டின.

இதனால்தான் நாங்கள் படம் எடுக்கும் முறையை மாற்றிக்கொண்டோம். முன்னால் நின்று செல்ஃபி எடுத்தால் கட்டடத்தைத் திரும்பக் கட்ட உதவாது. சுவருக்கு நேர் எதிரே, முடிந்தவரை தள்ளி நின்று, செல்போனைச் சாய்க்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் தூண்கள் மேலே போய்க் கூடிக்கொள்ளும். ஒரு படத்திலாவது அளவு தெரிந்த பொருள் இருக்கட்டும், ஒரு மீட்டர் டேப் போதும். பின்பக்கம், மாடிப்படி, உத்தரம் சுவரில் நுழையும் இடம் - யாரும் எடுக்காத இவைதான் முக்கியம். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை அவசியம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் எடுத்தால், வேர் செங்கல்லை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரியும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ 1920-க்கு முன் நம் கல்லூரியில் படித்தவரா? பரணில் ஒரு குரூப் போட்டோ இருக்கலாம். தலைப்பாகைகளுக்குப் பின்னால் தூணோ வளைவோ தெரிந்தால் அது கலச மஹாலாக இருக்கக்கூடும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து சங்கத்துக்குக் கொடுங்கள். ஒரிஜினலை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.