விழாவில் விளைந்த கலைப்பள்ளி: சாந்திநிகேதனின் கலாபவன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையில் 1850இலும், கல்கத்தாவில் 1854இலும், பம்பாயில் 1857இலும் தொடங்கிய ஓவியப் பள்ளிகள், கைவினைஞர்களையும் வரைபடக்காரர்களையும் உருவாக்குவதையே முதல் நோக்கமாகக் கொண்டிருந்தன. கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளை முன்னே வைத்து ஒளியும் நிழலும் பிசகாமல் நகலெடுப்பதே அங்கு நீண்ட காலம் முதன்மைப் பயிற்சியாக இருந்ததால், மாணவர் தம் ஊரையோ தம் மனத்தையோ வரைவதற்கு அந்தப் பாடத்திட்டத்தில் இடமே இல்லை. சென்னைப் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்து, தென்னிந்தியக் கைவினைகளை நெருங்கி அறிந்த இ. பி. ஹாவெல் 1896இல் கல்கத்தாவுக்கு மாறியபின், முகலாய, ராஜபுதன ஓவியங்களைப் பாடத்தின் நடுவே கொண்டுவந்தார். அவரால் ஈர்க்கப்பட்ட அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர் நந்தலால் போஸ். அந்த வழிமரபு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், சாந்திநிகேதனின் செம்மண் மேட்டில் 1919இல் கலாபவனாக வேரூன்றியபோது, மாதிரியைப் பார்த்து வரையும் முறைக்கு மாற்றாக அங்கு அமைந்தது இன்னொரு பாடநூல் அன்று. அந்த ஊரின் விழாக்கள்தாம்.

சாந்திநிகேதனில் பள்ளியைவிட விழா மூத்தது. ரவீந்திரநாத்தின் தந்தை தேவேந்திரநாத் தாகூர் 1888இல் எழுதிய அறக்கட்டளைப் பத்திரத்திலேயே, உருவ வழிபாடும் மதுவும் புலாலும் விலக்கப்பட்ட அந்த இடத்தில் ஆண்டுதோறும் ஒரு சந்தை கூட்டப்பட வேண்டும் என்ற ஏற்பாடு இடம்பெற்றிருந்தது. அவர் பிரம்ம சமயத்தில் தீட்சை பெற்ற நாளான வங்காளப் பௌஷ மாதத்து ஏழாம் நாளில், அதாவது டிசம்பரின் பிற்பகுதியில், பௌஷ மேளா என்னும் அந்தச் சந்தை 1894 முதல் கூடியது. ரவீந்திரநாத் தம் சிறுவர் பள்ளியை 1901இல் தொடங்கியதும் அதே பௌஷ ஏழாம் நாளில்தான். ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல் பாடகர்களும், சுற்றுவட்டாரச் சந்தால் பழங்குடியினரும், மண்பாண்டமும் உலோக வார்ப்பும் விற்கும் கைவினைஞர்களும் கூடிய அந்தத் திடலுக்கு அருகே வளர்ந்த ஒரு கலைப்பள்ளிக்கு, கலை என்பது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் பொருள் மட்டுமன்று என்பதைத் தனியாகக் கற்பிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

முதலில் அசித் குமார் ஹல்தாரின் பொறுப்பில் நடந்த கலாபவனை 1920களின் தொடக்கத்தில் ஏற்ற நந்தலால், 1951 வரை அதை வழிநடத்தினார். தேர்வும் பட்டமும் அங்கு முதன்மை பெறவில்லை. மாணவர்கள் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் சந்தைக்கும் சென்று கண்டதைத் தாளில் பதித்தார்கள்; ஆசிரியரும் அவர்களோடு அமர்ந்து வரைந்தார். ஆயினும் அப்பள்ளியின் இயல்பை ஓவியத் தாள்களைவிடத் தெளிவாகக் காட்டுவது ஆல்பனா என்னும் தரைக்கோலம்தான்.

ஆல்பனா, வங்காளப் பெண்கள் நோன்பு நாட்களில் வீட்டுத் தரையில் இடும் கோலம். தமிழ்நாட்டு வாசலில் உலர்ந்த மாவால் புள்ளி வைத்து இடுவதைப் போலன்றி, ஊறவைத்து அரைத்த அரிசி மாவுக் கரைசலில் துணித் துண்டை நனைத்துக் கையிலே பிடித்துக்கொண்டு, விரல் வழியே கசியவிட்டு, கொடியும் தாமரையும் நெற்கதிரும் வளைந்தோடும்படி இழுப்பது அதன் முறை. அவனீந்திரநாத் வங்காள நோன்புகளைப் பற்றி எழுதிய நூலில் இக்கோலங்களைக் கலையாகவே மதித்து ஆராய்ந்திருந்தார். அந்த மதிப்பைப் பள்ளிக்குள் நடைமுறையாக்கியவர் நந்தலால். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த சுகுமாரி தேவி என்னும் கைம்பெண், எந்தக் கலைப்பள்ளியிலும் படியாதவராக இருந்தும், கலாபவனில் ஆல்பனாவும் பூத்தையலும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். வீட்டுத் தரையில் பிறந்து மறுநாள் துடைக்கப்பட்டுவந்த ஒரு திறம், கல்லூரிப் பாடமாக ஏற்கப்பட்டது. அதை அறிந்தவர் பெண் என்பதும் கைம்பெண் என்பதும் ஆசிரியப் பணிக்குத் தடையாகவில்லை. அக்கால இந்தியக் கலைக்கல்வி எடுத்த மிகத் துணிவான முடிவுகளுள் இது ஒன்று என்றே கொள்ள வேண்டும். ஓவியர் பெயர்களை வரிசைப்படுத்தும் வரலாறுகளில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. சுகுமாரி தேவிக்குப் பின் நந்தலாலின் மகள்களான கௌரியும் யமுனாவும் அக்கலையைக் கற்பித்தனர். நோன்புக்குரிய குறியீடுகள் படிப்படியாகக் குறைந்து, பருவத்துக்கேற்ற மலரும் இலையும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. வடிவங்களைப் புதிதாகக் கட்டும் உரிமை இடுபவர் கைக்கு வந்தது.

அந்தக் கைகளுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. மரக்கன்றைப் பல்லக்கில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்து நடும் விருட்சரோபணமும், ஏர் பூட்டி நிலத்தை உழும் ஹலகர்ஷணமும் 1928இல் தொடங்கின. மழைக்கால விழாவும் வசந்த விழாவும் ஏற்கெனவே நடந்துவந்தன. பல்லக்கை அலங்கரிப்பதும், மேடைத் தரையில் ஆல்பனா இடுவதும், பாடுவோருக்கும் ஆடுவோருக்கும் உடையும் அணியும் அமைப்பதும் கலாபவன் மாணவர்களின் பொறுப்பு. பின்திரையில் தீட்டிய காடுகளும் அரண்மனைகளும் பார்ப்பவர் கற்பனையைக் கட்டிப்போடுகின்றன என்பது ரவீந்திரநாத்தின் நீண்ட நாள் கருத்து. அதற்கிணங்க நந்தலாலும் அவருடைய மாணவர்களும் துணி, நிறம், சில இலைக்கொத்துகள் ஆகியவற்றால் மட்டும் மேடையை அமைத்தனர். 1926இல் அரங்கேறிய ‘நடீர் பூஜா’ நாடகத்தில் நந்தலாலின் மகள் கௌரி முதன்மைப் பாத்திரமேற்று ஆடினார். நல்ல குடும்பத்துப் பெண் மேடையில் ஆடுவதைச் சமூகம் பழித்த காலம் அது. அந்த நாடகத்தையே நந்தலால் 1942இல் அதே வளாகத்துச் சீனபவனின் சுவரில் ஓவியமாகத் தீட்டினார். விழாவில் ஓரிரு இரவுகள் நிகழ்ந்து மறைந்த ஒன்று இவ்வாறு நிலைத்த கலையாயிற்று.

இதே பழக்கம் நாட்டளவில் பயன்பட்டது 1938இல், குஜராத்தின் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில். காந்தியின் வேண்டுகோளை ஏற்று, அங்கு வரும் கிராம மக்கள் கண்டு மகிழும்படி, உழவர், தச்சர், இசைக்கலைஞர், நூல் நூற்கும் பெண் எனப் பலரையும் காட்டும் ஏறத்தாழ 400 சுவரொட்டிகளை நந்தலாலும் அவருடைய குழுவினரும் மண்நிறங்களால் விரைந்து தீட்டினர். கோடுகளின் வேகத்தில் விழா நாள் நெருங்கிவிட்ட கையின் உறுதி தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் தரையில் இழுத்துப் பழகாத கைக்கு அது வாய்த்திருக்காது.

விழாவுக்காகக் கூடிச் செய்யும் கலையில் தனிமனிதக் குரல் அமுங்கிவிடாதா என்ற ஐயம் நியாயமானது. அலங்காரத்தின் இனிமை அப்பள்ளியின் பல ஓவியங்களைத் தளரச் செய்ததும் உண்மை. ஆனால் பாங்குராவின் எளிய குடும்பமொன்றிலிருந்து 1925இல் மாணவராக வந்த ராம்கிங்கர் பெய்ஜ், ஆசிரியர் விரும்பாத எண்ணெய் வண்ணத்தைக் கையாண்டதும், 1938இல் செம்புரைக் கற்பொடியும் சிமெண்டும் கலந்து ‘சந்தால் குடும்பம்’ என்னும் பெருஞ்சிற்பத்தைத் திறந்த வெளியில் எழுப்பியதும் அதே வளாகத்தில்தான். கடவுளோ அரசரோ தலைவரோ அல்லாத, கூடையில் குழந்தையைச் சுமந்து நாயுடன் இடம்பெயரும் உழைப்பாளிகளுக்கு அந்தப் பேருருவம் வாய்த்தது. வெண்கலம் வாங்கப் பணமில்லாத பள்ளியில், காலடியில் கிடந்த செம்மண்ணே சிற்பியின் பொருளாயிற்று. அவருடைய தோழர் பினோத் பிகாரி முகர்ஜி, பார்வைக் குறைவோடு, 1947இல் இந்திபவனின் சுவர்களில் இடைக்காலப் பக்திக் கவிகளின் வரலாற்றை முன்வரைபடம் இல்லாமலே தீட்டினார். கூட்டு விழா தனிக்குரலை அடக்கியிருந்தால் இவ்விருவரும் அங்கு நிலைத்திருக்க முடியாது.

கலாபவனில் 1944இல் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன், கேரளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று வந்தவர். பின்னர் பரோடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோது, 1961இல் அங்கு தொடங்கிய நுண்கலைச் சந்தைக்காக மரத்திலும் மணியிலும் தாமே பொம்மைகள் செய்தார். சாந்திநிகேதனின் பழக்கம் இவ்வாறு வேறொரு மண்ணில் முளைத்தது.

நந்தலால் 1966இல் மறைந்தார். அதற்கு முன்பே, 1951இல் கலாபவனைத் தன்னுள் கொண்ட விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாகிவிட்டதால், பழைய பள்ளியின் நெகிழ்ச்சி பட்டப் படிப்பின் ஒழுங்குக்குள் வரத் தொடங்கியிருந்தது. 1973இல் கலாபவன் தனக்கென்று தொடங்கிய நந்தன் மேளா, நந்தலாலின் பிறந்தநாளான டிசம்பர் 3ஐ ஒட்டி, அம்மாதத்தின் முதலிரண்டு நாட்களில் நடக்கிறது. நலிந்த மாணவர்களுக்கு உதவும் நிதியைத் திரட்டுவது அதன் நோக்கம். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, வடிவமைப்பு, கலைவரலாறு ஆகிய துறைகள் கடைகள் அமைக்கின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய மாணவர்களும் செய்தளித்த அச்சோவியங்கள், நாட்காட்டிகள், வாழ்த்தட்டைகள், சுடுமண் பொருள்கள், அணிகள் ஆகியவை எளியவரும் வாங்கக்கூடிய விலைக்கு விற்கப்படுகின்றன. கலைச் சந்தையில் பெரும் விலை பெறும் ஓர் ஆசிரியரின் படைப்பும் முதலாண்டு மாணவரின் அட்டையும் அங்கு ஒரே நிதிக்காக விற்கப்படுகின்றன.