விடிய விடியத் தோடி

திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மணப்பாறை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அய்யலூர் வரும். வியாழக்கிழமையானால் ஆட்டுச் சந்தை. ஆடும் கோழியும் மனுஷருமாக ரோடு அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. காவிரித் தண்ணீரில் நெல் விளைந்து, அந்த நெல்லில் கோயில் எழுந்து, அந்தக் கோயிலில் நாயனக்காரருக்கு மானியம் என்று வளர்ந்தது தஞ்சாவூர் சங்கீதம். அய்யலூர், வடமதுரை, வேடசந்தூர் மாதிரி ஊர்களுக்கு அது பெரும்பாலும் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சவுண்டு செட்டுக்காரர் புளியமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, முதலில் சினிமாப் பாட்டு போடமாட்டார். நாதஸ்வரத் தட்டுதான். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

நாதஸ்வர ரசிகர்களில் இரண்டு ஜாதி உண்டு என்று சொல்வேன். கோயில் வீதியில் நின்று கேட்டவர்கள் ஒன்று. தட்டில் கேட்டவர்கள் இன்னொன்று. டி.என். ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி இந்த இரண்டு பேரும் பேசினால், ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

தட்டுக்காரர் சொல்வார்: “ஆகா, தோடின்னா அதுதான்யா!” அவர் கேட்ட தோடி எவ்வளவு நேரம்? 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். அவ்வளவுதான் இடம். அதற்குள் ராகத்தை ஆரம்பித்து, விரித்து, முடித்துவிட வேண்டும்.

வீதிக்காரரைக் கேளுங்கள். அவர் கணக்கு மணிக்கணக்கு. ராத்திரி சாமி புறப்பாடு. கம்பீர நாட்டையில் மல்லாரி முழங்க, சப்பரம் கிளம்புகிறது. ஒரு வீதி முடிந்து மூலை திரும்பும்போது சாமியை நிறுத்துவார்கள். காஸ் லைட் வெளிச்சத்தில் ஜனங்கள் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிடுவார்கள். மைக் கிடையாது. நாதஸ்வரத்துக்கு அது தேவையும் இல்லை. அமைதியான ராத்திரியில் பக்கத்து ஊருக்கே கேட்கும். நாலு வீதி சுற்றி சாமி கோயிலுக்குத் திரும்பும்போது கிழக்கு வெளுத்திருக்கும். தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் கூட்டம் இன்னும் இரட்டிப்பு.

தோடியில் என்ன அப்படி விசேஷம்? நாதஸ்வரத்தைப் பார்த்திருப்பீர்கள். விரலுக்கு ஏழு துளை. ஹார்மோனியம் மாதிரி இந்த ஸ்வரத்துக்கு இந்தக் கட்டை என்று கிடையாது. பாதி துளையை மூடி, மூச்சை அளந்து, உதட்டால் சீவாளியை அழுத்தியும் தளர்த்தியும்தான் நுணுக்கமான ஸ்வரங்களைப் பிடிக்க வேண்டும். தோடியோ, ஸ்வரங்களை அசைத்து அசைத்தே உருவம் காட்டவேண்டிய ராகம். வாய்ப்பாட்டுக்காரருக்கே கண்டம். அதை ஊதுகுழலில் மணிக்கணக்காக, வந்த இடத்துக்கே திரும்பி வராமல் வாசிப்பது என்றால் சும்மா இல்லை. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் ராக ஆலாபனையில் ராஜரத்தினத்தின் நாயனம் கேட்கிறது என்பது சங்கீத உலகில் ஊரறிந்த சேதி. நாயனக்காரர் பாடகரைப் பார்த்துக் கற்ற காலம் போய், பாடகர் நாயனத்தைப் பார்த்துக் கற்றார்.

திருமருகலில் 1898இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். வளர்ந்தது திருவாவடுதுறையில், ஆதீனத்து நாதஸ்வரக்காரரான தாய்மாமன் நடேச பிள்ளையிடம். உச்ச ஸ்தாயியில் வீறிடும் குட்டையான திமிரி நாயனம்தான் அப்போது வழக்கம். அதை விட்டுவிட்டு, நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்துக்குப் போனார். அவருக்காக அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. (அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) ரசிகர்கள் “தேன்” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவது அந்தப் பாரியின் கனத்த நாதத்தைத்தான்.

இப்போது ஒரு துண்டு விஷயத்துக்கு வருகிறேன். தோளில் போடும் துண்டு!

1930 வாக்கில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம். வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். பெரிய மனுஷர்கள் அதை எடுக்கச் சொன்னார்கள். வாசிக்கிறவன் தோளில் துண்டு இருந்தால் எதிரே வருகிற கனவான்களுக்கு மரியாதைக் குறைவாம்! சுயமரியாதை இயக்கத்தின் பட்டுக்கோட்டை அழகிரி அங்கே இருந்தார். “எடுக்காதீர்கள், வாசியுங்கள்” என்று பக்கத்தில் நின்றுவிட்டார். துண்டு தோளிலேயே இருந்தது.

அந்த நாளில் நாயனக்காரர் நிலைமை இதுதான். சாமிக்கு முன்னால் முதலிடம். மனுஷருக்கு முன்னால் மேல்சட்டை கூடாது, நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் வாசிக்க வேண்டும். ராஜரத்தினம் இதற்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேசவில்லை. குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்தார். ஷெர்வானி மாட்டிக்கொண்டார். மேடை போட்டு உட்காரவைக்கச் சொன்னார். கூடவே ஒருவர் நின்று ஊதும் ஒத்தை விலக்கிவிட்டு, பாட்டுக் கச்சேரி மாதிரி சுருதிக்கு ஏற்பாடு செய்துகொண்டார். அவரிடம் அகம்பாவம் அதிகம் என்று சொன்னவர்கள் உண்டு. சொன்ன நேரத்துக்கு வராதது, கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனது, குடி, கடன் எல்லாமே உண்மைதான். ரசிகர்களே சிரித்துக்கொண்டு சொல்லும் கதைகள். ஆனால், காத்திருக்க வைக்க முடிகிற நாயனக்காரர் என்று ஒருவர் அதற்கு முன் அபூர்வம். இவருக்காக மிராசுதார்கள் காத்திருந்தார்கள். அதை ரசித்தவர்கள் தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த ‘காளமேகம்’ படத்தில் கவி காளமேகமாக நடித்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தார் தில்லியில் நேருவிடம் செங்கோல் கொடுத்தபோது, கூடப் போய் வாசித்தவர் இவர். 2023இல் அந்தச் செங்கோல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எவ்வளவு வாக்குவாதம்! அந்த நாயனம் என்ன வாசித்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இந்தத் தட்டு, வீதி தகராறு நமக்கு மட்டும் உள்ளது இல்லை. அமெரிக்காவில் ப்ளூஸ் என்று கறுப்பின மக்களின் சங்கீதம். அதில் லிட்டில் வால்டர் என்று ஒரு மவுத் ஆர்கன்காரர், 1930இல் பிறந்தவர். பையனாக சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்துக் காசு சேர்த்தவர். ஒரு மலிவு மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து, கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் விட்டார். அந்தச் சின்ன வாத்தியம் சாக்ஸபோன் மாதிரி உறுமியது. 1952இல் வந்த ‘ஜூக்’ என்ற தட்டு, கறுப்பின ரசிகர்களின் விற்பனைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடம். அது ஓடுவதும் மூன்று நிமிஷத்துக்குள்தான்! தெருச் சண்டையில் அடிபட்டு 1968இல் போய்விட்டார், 37 வயது. நேரடி வாசிப்பின் பதிவு மிகக் குறைவு. கிளப்பில் உட்கார்ந்து கேட்டவர்கள் சொல்லச் சொல்லத்தான் அந்த ராத்திரிகளின் சரித்திரம்.

நம் ராஜரத்தினம் 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். வயது 58. ரேடியோவுக்கு வாசித்தது, தட்டுக்கு வாசித்தது கொஞ்சம் இருக்கிறது. வீதிகளில் விடிய விடிய வாசித்தது எங்கே இருக்கிறது? சிஷ்யர் மூச்சில் இருந்தது. காருகுறிச்சி அருணாசலம், குரு பக்கத்தில் நின்று, அவர் விட்ட இடத்தில் பிடித்து வாசித்துப் பழகியவர். தஞ்சாவூர்ப் பாணி கோவில்பட்டிக் கரிசலுக்கு வந்தது அவரால்தான். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டி போட்டது. அந்த ஒரு பாட்டு, கோயில் மானியமே இல்லாத ஊர்களின் புளியமரங்களுக்கெல்லாம் நாதஸ்வரத்தைக் கொண்டுபோனது. அய்யலூர்ப் பக்கம் ‘நாயனம்’ என்றாலே பலருக்கு அதுதான். இரண்டே வருஷம்; 1964இல் அவரும் போய்விட்டார். குருவை நேரில் கேட்காதவர்கள் சிஷ்யரிடமாவது கேட்கலாம் என்றிருந்த வழியும் அடைபட்டது.

இன்றைக்கு யூடியூபில் தட்டினால் ராஜரத்தினத்தின் தோடி வந்துவிடும். கேளுங்கள். கரகரப்பைப் பொருட்படுத்தாதீர்கள். அதற்குமேல் தெரியவேண்டுமானால், மாயவரம், கும்பகோணம் பக்கம் தொண்ணூறைத் தாண்டிய பெரியவர் யாராவது சொந்தத்தில் இருக்கிறாரா பாருங்கள். அவரிடம் ராகத்தைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். எந்த ஊர்த் திருவிழா, எந்த வீதி மூலை, யார் தவில், வீட்டுக்குத் திரும்பும்போது மணி என்ன என்று கேளுங்கள். பேனா கையில் இருக்கட்டும்.