நாற்காலி ஆண்பால், மேசை பெண்பால்: டச்சு இலக்கண வரலாற்றில் ஒரு பக்கம்

வடக்கே வளரும் நம் பிள்ளைகள் இந்திப் பாடத்தில் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் பால். மேசை பெண்பாலாம், தண்ணீர் ஆண்பாலாம். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் வகுத்தபடி, பொருளைப் பார்த்தாலே பால் தெரியும். மேசை அஃறிணை, அவ்வளவுதான். சொல்லுக்குப் பால் ஒட்டும் வழக்கம் ஒரு மொழியில் எப்படிப் பாதி கழிந்தது என்று காண வேண்டுமானால், பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் துணி வாங்க வந்த ஒல்லாந்தரின் டச்சு மொழியைப் பார்க்கலாம்.

அம்மொழியின் முதல் அச்சு இலக்கணம் 1584-இல் வெளிவந்தது. ஆம்ஸ்டர்டாம் புலவர் கழகம் ஒன்று வெளியிட்டது. இருவர் பேசிக்கொள்ளும் நடை. நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. ஹென்ட்ரிக் ஸ்பீகல் எழுதினார் என்பது அறிஞர் துணிபு. அவர் ஒரு வணிகர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி! லத்தீனுக்கு நிகராகத் தம் மொழியும் நிற்கவேண்டும் என்ற ஆசையில், லத்தீன் வேற்றுமைச் சட்டத்தையே டச்சுக்கும் மாட்டினார்.

பழைய டச்சில் ஆண், பெண், இரண்டும் அல்லாதது என மூன்று பால் உண்மையாகவே இருந்தன. ஆனால் வடக்கத்திப் பேச்சில் முதல் இரண்டும் கலந்து, இரண்டுக்கும் 'டெ' என்ற ஒரே முன்சொல் ஆகிவிட்டது, மூன்றாவதற்கு 'ஹெட்'. எழுத்திலோ பழைய கணக்குதான். 'ஸ்டூல்' என்ற நாற்காலி ஆண், 'டாஃபல்' என்ற மேசை பெண். நாற்காலியைப் பார்க்கிறேன் என்றால் 'டென் ஸ்டூல்', மேசையை என்றால் 'டெ டாஃபல்'. அந்த ஒரு 'ன்'னுக்காக எத்தனை பிள்ளைகள் திட்டு வாங்கினார்களோ!

1700-இல் டேவிட் ஃபான் ஹோக்ஸ்ட்ராட்டன் என்பவர் எந்தச் சொல் எந்தப் பால் என்று பட்டியலே அச்சிட்டார். அவருக்கு ஆதாரம் ஊர்ப்பேச்சு அல்ல. ஹோஃப்ட், ஃபொண்டல் என்னும் முந்தைய புலவர்களின் எழுத்து. காலுறை வியாபாரம் செய்த ஃபொண்டலின் பெற்றோர் தெற்கே ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்தவர்கள். தெற்கத்தி வட்டாரப் பேச்சில் மூன்று பாலும் இன்றும் உயிரோடு உண்டு. தெற்கே வாயில் இருந்தது, வடக்கே மனப்பாடமாயிற்று.

1891-இல் கொலவைன் என்ற ஆசிரியர் இந்த எழுத்துமுறையை எதிர்த்து எழுதினார். 1934-இல் அமைச்சர் மார்ஷண்ட் பள்ளிகளில் பெரும்பாலான இடங்களில் 'ன்'னை விலக்கினார். 1947-இல் சட்டமே வந்து கட்டாயம் நீங்கியது. புலவர் கட்டிய கணக்கைப் பேச்சு வெல்ல 350 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 'ஹெட்' மட்டும் நிற்கிறது. சிறுமியைக் குறிக்கும் 'மைஸ்ய' இன்றும் 'ஹெட்' தான், ஏனென்றால் சிறுமை காட்டும் 'ய' விகுதி வந்தால் எதுவும் மூன்றாம் பால்.

சொல் வரிசையின் கதை வேறு. 'இக் கோப் வண்டாக் அன் ஸ்டூல்': நான் இன்று ஒரு நாற்காலி வாங்குகிறேன். 'வண்டாக்', அதாவது 'இன்று', முன்னே வந்தால் 'வண்டாக் கோப் இக்' என்று ஆகும். 'கோப்' என்ற வினை இரண்டாம் இடத்தை விடாது. ஆனால் 'ஏனெனில்' என்ற பொருளில் 'ஓம்டட்' வந்துவிட்டால், 'ஓம்டட் இக் வண்டாக் அன் ஸ்டூல் கோப்' என்று வினை நம்மைப்போலக் கடைசிக்குப் போய்விடும். பால் பட்டியல் போல இதற்கு யாரும் பட்டியல் போடவில்லை; குழந்தை தாய் மடியிலேயே கற்றுக்கொள்கிறது.

யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பால்டேயுஸ் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் தமிழ் இலக்கணம் பற்றியும் சில பக்கங்கள் உண்டு. கடைசியில் நிற்கும் நம் வினைமுற்று அவருக்கு அவ்வளவு விநோதமாகப் பட்டிருக்காது என்பது என் ஊகம்.