படைச்சட்டத்தில் ‘சலுகை’யும் ‘உரிமை’யும்

சட்டத் தமிழாக்கத்தில் இடர்தரும் சொற்களுள் ‘பிரிவிலேஜ்’ என்பதும் ஒன்று. சட்டமன்றம் பற்றிய எழுத்துகளில் அது ‘உரிமை’ எனப் பெயர்க்கப்படுகிறது. ‘உரிமை மீறல்’ நிலைபெற்ற வழக்காகும். படைவீரரைப் பற்றி வருமிடத்து அதே சொல் ‘சலுகை’யாகிவிடக் காண்கிறோம். இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பதைச் சட்ட வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தியப் படையினருக்கெனப் போர் விதிகள் 1869-இலும், இந்திய இராணுவச் சட்டம் 1911-இலும் இயற்றப்பட்டன. விடுதலைக்குப்பின் 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன் ஐந்தாம் இயல் ‘பிரிவிலேஜ்’ என்னும் சொல்லைத் தலைப்பிலேயே கொண்டுள்ளது. 28-ஆம் பிரிவின்படி வீரரின் படைக்கலம், உடை, ஊதியம் ஆகியவற்றை உரிமையியல் நீதிமன்ற ஆணையால் பற்றுகை செய்தல் இயலாது. 29-ஆம் பிரிவின்படி கடனுக்காக அவரைக் கைது செய்தல் கூடாது. விடுப்புச் சான்று காட்டின், அவ்விடுப்புக் காலத்திற்குள் அவர் வழக்கை இயன்றவரை முடித்துத் தருமாறு 32-ஆம் பிரிவு நீதிமன்றத்தைப் பணிக்கிறது.

இவற்றைத் தனித்து நோக்கின் சலுகைகளாகவே தோன்றும். ஆயின் அரசமைப்பின் 33-ஆம் உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. அதன்வழி, தொழிற்சங்கத்தில் சேர்தல், கூட்டங்களில் பேசுதல், செய்தித்தாளுக்கு எழுதுதல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த இராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இடந்தருகிறது. வழக்கு நாளன்று விரும்பியவாறு ஊர் திரும்பவும் வீரரால் இயலாது. எனவே மேற்கூறிய காப்புகள் கருணையால் ஈந்தவையல்ல. கட்டுப்பாட்டிற்கு ஈடாக அமைந்தவை.

உயில் பற்றிய சட்டம் இதனைத் தெளிவாக்கும். உரோமர் தம் வீரருக்கு உயில் முறைமைகளிலிருந்து விலக்களித்தனர். ஜஸ்டினியன் அதனைப் போர்ப்பணிக் காலத்திற்கு வரையறுத்தார். இங்கிலாந்து 1677-இலும், இந்தியா 1865-இலும் இக்கருத்தை ஏற்றன. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, போரில் ஈடுபட்டுள்ள வீரர் இரு சாட்சிகள் முன்னிலையில் வாய்மொழியாகவே உயில் கூறலாம். அந்நிலை நீங்கிய பின்னும் அவர் உயிருடனிருப்பின், ஒரு திங்களில் வாய்மொழி உயில் செல்லாததாகும். ஆகவே இவ்வுரிமை ஆளைச் சார்ந்ததன்று; பணியின் நெருக்கடியைச் சார்ந்தது. இதனைச் ‘சலுகை உயில்’ என்றால், தரம் குறைந்த ஆவணம் எனப் படிப்போர் மயங்க நேரும்.

சலுகை, கொடுப்போர் திரும்பப் பெறத்தக்கது. பயணக் கட்டணக் குறைப்புக்கு அச்சொல் பொருந்தும். பற்றுகை, கைது ஆகியவற்றிலிருந்து விடுபடுதலைக் ‘காப்பு’ என்றும், வழக்கு விரைவை ‘முன்னுரிமை’ என்றும், இவற்றின் பொதுப்பெயரைச் ‘சிறப்புரிமை’ என்றும் பெயர்த்தலே தகும். ஒரே சொல்லுக்கு ஒரே நிகரன் என்னும் விதியைவிட, சட்டம் யாரிடம் எதைப் பெற்று எதைத் தருகிறது என்பதே மொழிபெயர்ப்பாளர் முதலில் நோக்கவேண்டுவதாகும்.