தோட்டச் சம்பளச் சட்டங்கள் (இலங்கை)

இலங்கையின் பெருந்தோட்டத் தொழிலாளருக்குரிய சம்பளத்தை வரையறுக்கும் சட்டங்களும் கூட்டு ஒப்பந்தங்களும். தமிழகத்திலிருந்து ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் கூலி நெடுங்காலம், அவர்களைச் சேர்த்து வந்த பெரிய கங்காணியின் கடன் கணக்கிலேயே கரைந்தது. கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. இந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது.

இந்திய அரசின் நெருக்குதலால் 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. ஆண், பெண், சிறுவர் என மூன்று விகிதங்கள். 1941இல் சம்பள நிர்ணய சபைகளுக்கான சட்டம் வந்தது. அச்சபைகளில் முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சம அளவில் உட்கார, அரசு நியமித்தவர்கள் நடுவே இருந்தனர். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும், ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் அவர்களுக்கு 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகே கிடைத்தது.

1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. அதன்பின் சம்பளம் பெரும்பாலும் தொழிற்சங்கங்களும் கம்பெனிகளும் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் முடிவாயிற்று. 2016 ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு அடிப்படை 500 ரூபா. வரவு, உற்பத்தி, தேயிலை விலைக் கொடுப்பனவுகள் சேர்ந்து 730. 2019இல் அடிப்படை 700 ஆனது. ஆனால் வரவு, உற்பத்திக் கொடுப்பனவுகள் நீக்கப்பட்டு மொத்தம் 750 என்று நின்றது. அடிப்படைச் சம்பளம் உயர்ந்ததால் சேமலாப நிதிக் கணக்கு வளர்ந்தது உண்மை. எல்லாக் கொடுப்பனவும் வாங்கிவந்தவர் கையில் கூடியதோ 20 ரூபா. ஆயிரம் ரூபா கேட்டுப் போராடியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

அந்த ஆயிரம் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது: 900 சம்பளம், 100 வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு. கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. உற்பத்திச் செலவு தாங்காது, பறிக்கும் அளவுக்கே கூலி என்பது அவர்கள் வாதம். பல தோட்டங்களில் நாளுக்குரிய கொழுந்து நிறை உயர்த்தப்பட்டது. நிறுவையில் கிலோ குறைந்தால் ‘அரைப் பேர்’, அதாவது பாதிச் சம்பளம். சட்டம் கூட்டிய பணத்தைத் தராசு திரும்ப வாங்கிக்கொண்டது.

2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அடுத்த ஆண்டு நவம்பரில் வாசித்த வரவுசெலவுத் திட்டம் அதை 1,550ஆக்கி, அரசே 200 ரூபா வரவு ஊக்கத்தொகை தரும் என்றது. முதலாளி சுமக்க வேண்டியதில் ஒரு பங்கைப் பொதுப்பணம் ஏற்கிறது. ஒரு நாள் வேலை என்பது எத்தனை கிலோ என்பதையும் சட்டம் சொல்லாதவரை, எந்தத் தொகையும் தொழிலாளிக்கு முழுதாகச் சேராது.