இயந்திரம் ஏற்றுக்கொண்ட வேலை
1953 நவம்பரில் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்வையிட்டார். தம் விடை சரியா என்பதை அறியாமலே பிள்ளைகள் காத்திருந்தனர். அக்குறையே அவரைக் கற்பிக்கும் இயந்திரத்துக்கு இட்டுச் சென்றது. சிட்னி பிரெஸ்ஸி 1920களிலேயே அத்தகையதொன்றை அமைத்திருந்தார். ஆயினும் கற்பவரின் வேகத்துக்கும் பிழைக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது, 1956இல் இங்கிலாந்தில் கார்டன் பாஸ்க் உருவாக்கிய ‘சாக்கி’. துளையட்டை விசைப்பலகைப் பயிற்சிக்கானது அது.

1980களில் பாரி சிம்மர்மன் முதலியோர் தன்னொழுங்குக் கற்றலை ஆராய்ந்தனர். இலக்கு வகுத்தல், தன்னைக் கண்காணித்தல், பின் மதிப்பிடுதல் ஆகியவற்றை மாணவரின் வேலைகளாகக் கண்டனர். கண்காணிப்பையும் மதிப்பீட்டையும் ‘சாக்கி’ முன்பே தன்வசமாக்கியிருந்தது. இன்றைய தகவமைவுச் செயலிகளும் அடுத்த வினாவைத் தாமே தேர்கின்றன. ஸ்கின்னர் கண்ட காத்திருப்பு நீங்கியது. தனக்கு எது தெரியவில்லை என்பதைத் தானே கண்டறியும் வேலை மாணவரிடம் திரும்புமா என்பதே எஞ்சிய கேள்வி.