மின்கார் விரைவு மின்னேற்றக் கட்டண முறைகள்

பொது விரைவு மின்னேற்ற நிலையங்களில் கட்டணம் கணக்கிடும் முறைகள் பல. அவற்றுள் முதன்மையானவை மூன்று.

யூனிட் முறை: ஏறிய மின்சாரத்தைக் கிலோவாட் மணியில் அளந்து வசூலிப்பது. எந்தக் காருக்கும் ஒரு யூனிட்டின் விலை ஒன்றே. ஆனால் இடத்தை நெடுநேரம் அடைத்து நிற்பதை இது தடுக்காது.

நிமிட முறை: இணைப்பில் இருந்த நேரத்துக்கு வசூலிப்பது. மெதுவாக மின்னேறும் கார்களுக்குச் செலவு கூடும். பேட்டரி 80 விழுக்காட்டைத் தாண்டி வேகம் குறையும்போதும் அப்படியே. மின்நிறுவனம் அல்லாதோர் யூனிட் கணக்கில் விற்க இயலாத அமெரிக்க மாநிலங்களில் இது பரவியது. அங்கே டெஸ்லா, 60 கிலோவாட்டுக்கு மேல், கீழ் என இரு நிமிட விலைகளை வைத்தது.

ஒற்றைக் கட்டணம்: எவ்வளவு ஏற்றினாலும் ஒரே தொகை. ஐரோப்பாவின் அயனிட்டி நிறுவனம் ஒரு முறைக்கு 8 யூரோ வாங்கியது. 2020 ஜனவரி இறுதியில் யூனிட்டுக்கு 0.79 யூரோ என மாற்றியது. ஏறத்தாழ 10 யூனிட்டுக்கு மேல் ஏற்றியவர்களுக்குப் பழைய முறையே மலிவு.

மாதச் சந்தா, நேரத்துக்கேற்ற விலை, மின்னேற்றம் முடிந்தும் நகர்த்தாத காருக்கான காத்திருப்புக் கட்டணம் ஆகியவை இவற்றுடன் சேர்வதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் 13 முதல் நிறுவப்படும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான பொது நிலையங்களில், ஒப்பந்தமின்றி வருவோருக்கு யூனிட் விலையே அடிப்படை. நிமிடக் காத்திருப்புக் கட்டணத்தைக் கூடுதலாக மட்டும் சேர்க்கலாம்.